பாரணை இல்லாத நோன்பு

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் கப்பல்களைப் பற்றியும் கோட்டைகளைப் பற்றியுமே எழுதினார்கள். 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்ததும், அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பியதும், பின்னர் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அத்துறைமுகத்துக்காகப் பொருதியதும் பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த செய்திகள். ஆயினும், அத்துறைமுகத்தைச் சூழ்ந்த கப்பல்துறை, சீனன்குடா, கிண்ணியா, மூதூர் ஆகிய ஊர்களிலே எந்த ஆண்டில் அடுப்பு எரிந்தது, எந்த ஆண்டில் எரியாமற் போனது என்பதும் வரலாறே. உணவின் வரலாறு என்று ஒன்று உண்டு. உண்ணாமையின் வரலாறு என்றும் ஒன்று உண்டு. உண்ணாமையின் காரணங்கள் பல. அவற்றுள் வறுமை ஒன்று, விரதம் ஒன்று, துயரம் ஒன்று. இவை மூன்றும் அல்லாத நான்காவது காரணம் ஒன்று, இன்று வளரிளம் பருவத்துப் பெண்களிடையே பரவி வருகின்றது. தன் உடம்பின் மீதே கொண்ட அச்சத்தினாலும் வெறுப்பினாலும் உணவைத் துறக்கும் நோய் அது. அந்நோயை முன்னைய மூன்றிலிருந்தும் பிரித்தறியாவிடின், நாம் அதனைக் காணவும் மாட்டோம், தீர்க்கவும் மாட்டோம்.

பெண்ணின் மெலிவைக் கூர்ந்து நோக்கியவர்களுள் பழந்தமிழ்ப் புலவர்கள் முதன்மையானவர்கள். அகத்திணைப் பாடல்களிலே தலைவனைப் பிரிந்த தலைவி உணவை வெறுக்கின்றாள், உறக்கத்தை இழக்கின்றாள், அவள் மேனியிலே பசலை படர்கின்றது, கையிலே செறிந்திருந்த வளைகள் நெகிழ்ந்து கழல்கின்றன. அவள் வாய் திறந்து எதனையும் கூறுவதில்லை. சொல்ல முடியாததை அவள் உடம்பு சொல்கின்றது. மகளின் மெலிவைக் கண்ட தாய் அஞ்சி, வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகின்றாள். வேலனோ கழங்கிட்டுப் பார்த்து, இது முருகனால் வந்தது என்று கூறுகின்றான். நோய் ஒன்று, கூறப்பட்ட காரணம் வேறொன்று. இறுதியிலே உண்மையை அறிந்தவள் தோழி ஒருத்தியே. அவள் அறத்தொடு நின்று உண்மையை வெளிப்படுத்தும்போதுதான் வழி பிறக்கின்றது. குறிஞ்சித் திணைப் பாடல்கள் பலவற்றில் அமைந்துள்ள இந்த முறையை இலக்கிய மரபு என்று மட்டும் கொள்வதற்கில்லை. வீட்டார் மெலிவைக் காண்கின்றனர், காரணத்தைக் காண்பதில்லை. மருந்து தருபவர் தாம் அறிந்த காரணத்தையே காண்கின்றார். உடனிருக்கும் தோழியே முதலில் அறிகின்றாள் என்னும் உண்மை அதிலே பொதிந்துள்ளது. இன்றும் அஃது உண்மையே.

இனி, சமயத்தின் பொருட்டு உடம்பை ஒறுத்தவர்களை நோக்குவோம். காரைக்காலிலே புனிதவதி என்னும் பெயருடன் வாழ்ந்த அம்மையார், கணவன் தம்மைத் தெய்வமெனக் கருதி விலகிய பின்னர், அவன்பொருட்டுத் தாங்கிய தசைப் பொதியைக் களைந்து பேயுருவம் தரும்படி இறைவனை வேண்டினார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலிலே, ஆடவல்லானின் அடியில் அமர்ந்து தாளமிடும் அவர் திருவுருவத்தை இன்றும் காணலாம். விலாவெலும்பு தோன்ற, மார்பு வற்றிய அவ்வுருவத்தைச் செதுக்கிய சிற்பி அதனை இழிவாகச் செதுக்கவில்லை, வணக்கத்துக்குரியதாகவே செதுக்கினான். ஐரோப்பாவிலும் இத்தகையோர் இருந்தனர். இத்தாலி நாட்டுச் சியன்னா நகரத்துக் கத்தரீனாள் என்னும் துறவி உணவை மிகக் குறைத்து, 1380ஆம் ஆண்டிலே 33 வயதில் உயிர் நீத்தார். அவரையொத்த துறவியரை ஆராய்ந்த ருடால்ப் பெல் என்னும் வரலாற்றாசிரியர், அவர்களின் உண்ணாமைக்கும் இக்காலத்து நோய்க்கும் உறவு உண்டு என்று 1985இல் எழுதினார். கரோலின் பைனம் என்பவரோ 1987இல் வெளியிட்ட நூலிலே, அக்காலத்துப் பெண்கள் உணவுக்குக் கொடுத்த சமயப் பொருளை அறியாமல் நோய்ப்பெயர் சூட்டுவது பொருந்தாது என்னும் கருத்தை நிலைநாட்டினார்.

இவ்விருவருள் யார் கூற்றுச் சரியாயினும், நமக்குப் பயன்படும் பாடம் ஒன்று உண்டு. உடம்பின் மெலிவு ஒன்றாகவே தோன்றினும், அதன் பொருள் காலந்தோறும் மாறுகின்றது. காரைக்கால் அம்மையார் பிறர் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் பொருட்டு மெலியவில்லை. பிறர் கண்ணிலிருந்து விடுபடும் பொருட்டே மெலிந்தார். இன்று கண்ணாடியின் முன் நின்று தன் இடுப்பை அளக்கும் சிறுமி அதற்கு நேர்மாறான திசையிலே செல்கின்றாள். பிறர் கண்ணுக்கு அவள் முற்றிலும் அடிமைப்படுகின்றாள்.

உண்ணாமைக்கு மறுதலையான நோயையும் தமிழர் அறிந்திருந்தனர். மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்பாள் முனிவன் ஒருவனின் சாபத்தால் யானைத்தீ என்னும் தீராப் பசிநோயை அடைகின்றாள். எவ்வளவு உண்டாலும் அவள் வயிறு அடங்குவதில்லை. அந்நோயைத் தீர்ப்பது கடுஞ்சொல் அன்று. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை அருளுடன் இட்ட ஒரு பிடி உணவே. அளவிறந்து உண்டுவிட்டு, பின் நாணி மறைவிலே வாந்தி எடுக்கும் இக்கால நோயும் காயசண்டிகையின் நோயும் ஒன்றல்ல. எனினும், உணவு பற்றிய நோயுற்றவளை நகையாடாமல் இரக்கத்தோடு நோக்கிய பார்வை அக்காப்பியத்திலே உண்டு. அப்பார்வை நமக்கு வேண்டும்.

விரதம் பற்றியும் இவ்விடத்திலே சிந்தித்தல் தகும். கந்தசஷ்டி நோற்போர் ஆறு நாள் உணவை ஒறுத்து ஏழாம் நாள் பாரணை செய்வர். கேதாரகௌரி விரதத்துக்கு 21 நாள் என்ற எல்லை உண்டு. மூதூரிலும் கிண்ணியாவிலும் வாழும் முஸ்லிம் மக்கள் றமழானிலே பகல் முழுவதும் நோன்பிருந்து மாலையில் நோன்பு திறப்பர். நோயாளருக்கும் பயணிகளுக்கும் அதில் விலக்கு உண்டு. நோன்பு எதுவாயினும் தொடக்கமும் முடிவும் அதற்கு உண்டு. முடிவிலே உணவு உண்டு. அவ்வுணவைச் சுற்றத்தாருடன் கூடி உண்ணும் மகிழ்ச்சியும் உண்டு. நோயோ முடிவில்லாதது. இவ்வளவு மெலிந்தாற் போதும் என்று அது ஒருநாளும் சொல்வதில்லை. தனித்திருந்தே உண்ணவும், தனித்திருந்தே பட்டினி கிடக்கவும் அது பழக்குகின்றது. பாரணை இல்லாத நோன்பு என்று அதனைக் கூறலாம். விரதம் என்னும் திரைக்குப் பின்னால் ஒரு மகள் மாதக்கணக்காக உணவைத் தவிர்ப்பாளாயின், பாரணை எப்பொழுது என்று கேட்பதே பெற்றோர் செய்யும் முதற் சோதனையாகும்.

துறைமுகப் பகுதியின் பழைய வாழ்க்கையை நோக்கினால், பெண்ணின் உணவைப் பற்றி இரு வேறு வழக்கங்கள் அங்கு அருகருகே நிலவியமையைக் காணலாம். 1660ஆம் ஆண்டிலே கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்டு, கண்டி இராச்சியத்திலே ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழ்ந்து, தப்பிச் சென்று 1681இல் நூல் வெளியிட்ட றொபேட் நொக்ஸ், கணவன் உண்ணும்போது மனைவி பரிமாறி நின்று, பின்னர் தான் உண்ணும் வழக்கத்தைக் குறித்துள்ளார். அவர் கண்டது மலைநாட்டுச் சிங்கள இல்லங்களை. ஆனால் அவ்வழக்கம் தமிழ் இல்லங்களுக்கும் அந்நியமானதன்று. எஞ்சியதை உண்பவளே நல்ல மனைவி என்ற எண்ணம் பெண்ணுக்குப் பசியை மறைக்கக் கற்றுக் கொடுத்தது. பசிக்கவில்லை என்று சொல்லும் தாயை எல்லாரும் அறிவர்.

மற்றைய வழக்கம் இதற்கு மாறானது. பெண் பூப்பெய்தியதும் அவளுக்கு நல்லெண்ணெயும் முட்டையும் உழுத்தங்களியும் கொடுத்து உடம்பைத் தேற்றுவது ஈழத்துத் தமிழரின் மரபு. பிள்ளை பெற்றவளுக்குக் காயச் சரக்கு அரைத்து ஊட்டுவதும் அவ்வாறே. மகள் மெலிந்தால் தாய்க்குக் குறை. மகள் தேறினால் தாய்க்குப் பெருமை. மருத்துவ நூல்கள் கூறும் ஒரு செய்தியை இதனோடு ஒப்பிட்டு நோக்குக: உணவைத் துறக்கும் நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பூப்புக்குப் பின்னரான வளரிளம் பருவத்திலேயே. எந்த வயதிலே நம் மூதாட்டியர் பெண்ணை ஊட்டி வளர்த்தனரோ, அந்த வயதிலேதான் இன்றைய சிறுமி தன்னைப் பட்டினி போடத் தொடங்குகின்றாள்.

இப்பகுதி மக்களுக்குப் பசி புதியதன்று. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்தது. அதே ஆண்டிலே பர்மா யப்பானியர் கைக்குப் போனமையால் அங்கிருந்து வந்த அரிசியும் நின்றது. இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது. கோதுமை மாவும் பாணும் மரவள்ளிக் கிழங்கும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகத்து 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் எழுந்தது. 1970களின் முற்பகுதியிலே மீண்டும் பஞ்சம் நெருங்கியது, பின்னர் நெடும்போர், 2004இல் ஆழிப்பேரலை, 2022இல் பொருளாதார நெருக்கடி. அவ்வாண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் உணவு நிறுவனங்கள் இலங்கையில் ஏறத்தாழ 63 இலட்சம் மக்கள் போதிய உணவுப் பாதுகாப்பின்றி இருந்தனர் என மதிப்பிட்டன. இத்தகைய மண்ணிலே மெலிந்த பெண்ணைக் காணும் கண் வறுமையையே முதலில் நினைக்கும். அது இயல்பே. ஆனால் அந்த இயல்பே சோறு நிறைந்த வீட்டில் மெலியும் பெண்ணை மறைத்துவிடுகின்றது. சோறு இருந்தும் உண்ணாதவளைக் கொழுப்பெடுத்தவள் என்று ஏசும் வாயும் பஞ்சத்தின் நினைவிலிருந்தே பேசுகின்றது.

மருத்துவ உலகம் இந்நோயை அறிந்த வரலாறும் நெடியது. இலண்டன் மருத்துவர் ரிச்சட் மோட்டன் 1689இல் வெளியிட்ட நூலிலே, காய்ச்சலோ இருமலோ இன்றி உடல் வற்றிய இருவரைப் பற்றி எழுதினார். ஒருத்தி 18 வயதுப் பெண். இரவும் பகலும் நூல்களிலே மூழ்கியிருந்தவள். மருந்தை மறுத்து இறந்தாள். மற்றவன் 16 வயது இளைஞன். அவனும் படிப்பிலே மிகுந்த ஈடுபாடு கொண்டவன். படிப்பை நிறுத்தி நாட்டுப்புறத்துக்குச் சென்று தேறினான். இந்நோய் ஆண்களையும் தீண்டும் என்பதும், கடுமையாகப் படிக்கும் நல்ல பிள்ளைகளையே பல வேளைகளில் நாடும் என்பதும் தொடக்கத்திலேயே பதிவாகிவிட்டன. 1873இல் பாரிஸ் நகரத்துச் சார்ள்ஸ் லாசேக்கும் இலண்டன் நகரத்து வில்லியம் கல்லும் தனித்தனியே இந்நோயை விரித்துரைத்தனர். கல் இட்ட அனொரெக்சியா நேர்வோசா என்னும் பெயரே நிலைத்தது. அப்பெயரின் முதற்சொல்லுக்குப் பசியின்மை என்பது பொருள். பொருத்தமற்ற பெயர் அது. நோயாளிக்குப் பசி உண்டு. அப்பசியோடு அவள் நாள்தோறும் போராடுகின்றாள். 1979இல் ஜெரல்ட் றசல் என்பவர், மிகுதியாக உண்டு பின் வாந்தி எடுக்கும் நோயைப் பிரித்தறிந்து, புலிமியா நேர்வோசா என்று பெயரிட்டார்.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதை அமெரிக்காவின் மினசோட்டாவிலே அன்செல் கீஸ் என்பவர் 1944, 1945ஆம் ஆண்டுகளில் நடத்திய ஆய்வு காட்டியது. போர்க்களம் செல்ல மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஏறத்தாழ ஆறு மாத காலம் அரைவயிற்றுணவு உண்டனர். அவர்கள் உடல் மெலிவதற்கு அஞ்சியவர்களும் அல்லர். பருமனை வெறுத்தவர்களும் அல்லர். ஆயினும் நாளடைவிலே உணவைத் தவிர வேறெதனையும் அவர்களால் எண்ண முடியவில்லை. சமையல் நூல்களைச் சேர்த்தனர், ஒரு கவளத்தை நெடுநேரம் வைத்து உண்டனர், நண்பரை விலகினர், சினமும் சோர்வும் கொண்டனர். நோயுற்ற சிறுமியிடம் காணப்படும் பிடிவாதமும் தனிமையும் உணவு பற்றிய ஓயாத எண்ணமும் பெருமளவுக்குப் பட்டினியின் விளைவுகளே என்பது இதனாற் புலனாகின்றது. அவள் குணம் கெட்டவள் அல்லள். அவள் மூளைக்கு உணவு போதவில்லை.

இந்நோய் மேல்நாட்டுச் செல்வக் குடிகளுக்கே உரியது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. அதனைத் தகர்த்த சான்றுகளுள் ஒன்று பசுபிக் கடலிலுள்ள பிஜித் தீவிலிருந்து வந்தது. அத்தீவின் மக்கள் நன்கு உண்டு திரண்ட உடலையே விரும்பினர். ஒருவரின் உடற்கட்டு அவரைச் சுற்றத்தார் பேணியதற்குச் சான்று எனக் கருதினர். மகள் தேறினால் தாய்க்குப் பெருமை என்னும் நம் வழக்கமும் இதுவே அன்றோ! 1995இல் அத்தீவின் நட்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அவ்வாண்டிலும் 1998இலும் பாடசாலை மாணவியரை ஆராய்ந்தார். 1995இல் உடல் எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக எவரும் கூறவில்லை. மூன்றே ஆண்டுகளில் நூற்றுக்குப் பதினொருவர் அவ்வாறு கூறினர். மாணவியரின் உணவில் குறையில்லை. அவர்கள் தம்மை ஒப்பிட்டுப் பார்த்த கண்ணாடியே மாறியது.

எல்லா இடங்களிலும் நோய் ஒரே மொழியில் பேசுவதில்லை. ஹொங்கொங்கிலே சிங் லீ என்னும் மருத்துவர், பருமனாகிவிடுவேன் என்ற அச்சத்தைக் கூறாமல், வயிறு பொருமுகின்றது, உணவு இறங்கவில்லை என்று கூறியே மெலிந்த பெண்களைக் கண்டார். 1995இல் தில்லி மருத்துவர்கள் வெளியிட்ட ஐந்து இளம்பெண்களின் வரலாறுகளிலும் உண்ண மறுத்தலும் ஓயாத வாந்தியும் மாதவிடாய் நின்றமையும் இருந்தன. பருமனைப் பற்றிய அச்சம் மேலோங்கி இருக்கவில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலிருந்து 2007இல் வெளிவந்த ஆய்வும், சிறார் உணவுக் கோளாறுகளுள் மனத்தாங்கலால் வரும் வாந்தியே மிகுதி என்று காட்டியது. ஆதலால் வயிற்றுவலி என்று மருந்துக்கடை தோறும் அலையும் ஒரு பெண்ணின் நோய் வயிற்றிலேதான் உள்ளது என்று முடிவு கட்டுதல் கூடாது. வேலன் செய்த பிழையை நாமும் செய்வோம்.

இலங்கையிலே தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. ரூபவாகினி 1982இல் வந்தது. இன்று ஒவ்வொரு சிறுமியின் கையிலும் தொலைபேசித் திரை உண்டு. அத்திரை இடையைச் சுருக்கிக் காட்டும். நிறத்தை வெளுப்பித்துக் காட்டும். இன்ஸ்டகிராமைப் பற்றிய பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021இல் வெளிப்பட்டன. தம் உடலைப் பற்றி வருந்திய வளரிளம் பெண்களுள் நூற்றுக்கு 32 பேர், அத்தளம் தம் வருத்தத்தை மிகுவித்தது என்று கூறியமை அவற்றிலே பதிவாகியிருந்தது. ஆயினும் பழியனைத்தையும் புறத்தே சுமத்துவதும் நேர்மையன்று. கொடியிடை என்று பாடியவர் நம் புலவரே. கறுத்தவள், தடித்தவள் என்று திருமணத் தரகிலே விலை பேசுபவர் நம் உறவினரே. வெண்மை தருவதாகக் கூறும் களிம்பு 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தபோது, அந்த ஆசை இங்கே முன்னரே முளைத்திருந்தது. 2020இல் அக்களிம்பின் பெயரிலிருந்து வெண்மையைக் குறிக்கும் சொல் நீக்கப்பட்டது. வீடுகளிலே அச்சொல் இன்னும் நீங்கவில்லை.

தீர்வு உண்டா எனின், உண்டு. நோய் கொடியது, உளநோய்களுள் உயிரைப் பறிப்பதில் முன்னிற்பவற்றுள் இதுவும் ஒன்று. நாடி தளரும், உடல் குளிரும், மயிர் உதிரும், மாதவிடாய் நிற்கும், ஓயாது வாந்தி எடுப்போரின் பற்கள் அரிக்கப்படும். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே நாளில் மிகுதியாக ஊட்டுவதும் ஆபத்தானது. மருத்துவரின் கண்காணிப்பிலே சிறிது சிறிதாகவே உணவை உயர்த்துதல் வேண்டும். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டும் என்றே 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் எண்ணினர். கல் என்பாரும் உறவினரை நல்ல துணையாகக் கருதவில்லை. 1987இல் றசலும் அவருடைய இலண்டன் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நோய் தொடங்கி மூன்றாண்டு நிறையாத இளம் நோயாளியருக்குப் பெற்றோரைத் துணைகொண்டு செய்யும் சிகிச்சையே சிறந்த பயன் தந்தது. பெற்றோரைக் குற்றவாளிகளாக நிறுத்தாமல், மகளுக்கு மீண்டும் உணவூட்டும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைக்கும் முறை அதன்பின் வளர்ந்தது.

பூப்பெய்திய பெண்ணை ஊட்டித் தேற்றிய சமூகத்துக்கு இம்முறை விளங்காததன்று. கப்பல்துறை போன்ற ஊர்களிலே பேத்தியின் அருகிருந்து அவள் உண்ணும்வரை எழாத பாட்டியர் இன்றும் உள்ளனர். அவர்களின் பொறுமையோடு மருத்துவரின் அறிவும் சேர வேண்டும். வகுப்பிலே உணவுப்பெட்டியைத் திறவாமலே வீட்டுக்குக் கொண்டு செல்லும் மாணவியை ஆசிரியர் கவனித்தல் வேண்டும். ஆனால் பலர் முன்னிலையில் அவள் உடலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லலாகாது. மெலிந்தாய் என்ற சொல்லை அவள் வெற்றியாகக் கொள்வாள். தேறினாய் என்ற சொல்லைத் தோல்வியாகக் கொள்வாள். தோழி அறிந்ததைப் பெரியோரிடம் கூறினால், அதனைக் கோள் என்று தள்ளாமல் அறத்தொடு நிற்றல் என்றே மதித்தல் வேண்டும். பசியால் மெலிந்த தலைமுறைகளுக்குச் சோறு தேடிக் கொடுத்தது நம் முன்னோர் கடமையாக இருந்தது. சோற்றின் முன் அமர்ந்தும் உண்ண அஞ்சும் தலைமுறைக்கு அச்சம் நீக்கி, அதன் நோன்புக்கு ஒரு பாரணை காண்பது நம் கடமையாகும்.